தொஞ்சே பாபு

பெஹாலாவில் டிராம் நிற்பதற்கு முன்பே ஸ்ரீனிவாசராகவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுவிடுவார். இறங்கியதும் பஞ்சகச்சத்தை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகுவார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாலையை விட்டு வரப்பில் இறங்கி நடக்கத் தொடங்குவார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. பின்னால் வருகிறவன் வழுக்கி விழுந்தானா, வருகிறானா என்று திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. பின்னால் போகிறவன் பெரும்பாலும் நான்தான்.

நடக்கிற நடையிலேயே குனிந்து ஒரு மண்கட்டியைப் பெயர்த்துக்கொள்வார். மூங்கில் புதர் ஓரம் வந்ததும் அங்கே உதிர்ந்த இலைகளைத் தள்ளிவிட்டு இன்னொரு கட்டி. பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு பித்தளை டம்ளர் வெளியே வரும். குளத்துத் தண்ணீரை மொண்டு வரப்பின் மேல் வைத்து, வயல் மண்ணை அதில் மெதுவாக விடுவார். கண்ணெதிரே அது நாட்டுச் சர்க்கரை மாதிரி கரைந்து சேறாகிவிடும். தண்ணீரை மாற்றி, மூங்கிலடி மண்ணை விடுவார். அது கரையாமல் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்; உயிருள்ள மண் அப்படித்தான். அதைச் சுற்றிக் கூடியிருக்கும் குடியானவர்களை நிமிர்ந்து பார்த்து, வயலைக் காட்டி, தமிழ் வாசனை போகாத வங்காளியில், "ஏய் மாட்டி மொரே கேச்சே" என்பார். இந்த மண் செத்துப்போயிற்று என்று அர்த்தம்.

முதல்முறை அப்படிச் சொன்னபோது நிதாய் மண்டலுக்குச் சுரீர் என்று கோபம் வந்துவிட்டது. அந்த வயலைப் பங்கு வாரத்துக்கு உழுகிறவன் அவன்தான். "செத்த மண்ணுல போன வருஷம் நெல் எப்படி பாபு விளைஞ்சுது?" என்று கேட்டான். ஸ்ரீனிவாசராகவன் கொஞ்சம் யோசித்தார். "தப்புதான். சாகலை. பசியா இருக்கு" என்றார். அந்தத் திருத்தம் நிதாய்க்குப் பிடித்துப்போயிற்று. பசி என்றால் அவனுக்குத் தெரியும்.

வங்காளத்தில் மண்ணுக்கு 'மாட்டி' என்று பெயர். எங்கள் பவானிபூர் சந்திலிருந்த பத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது ஓயாத வேடிக்கை. "என்ன காணும், இந்த வாரமும் மாட்டிண்டீரா?" என்று கேட்காதவர்கள் இல்லை. அவர் சிரிக்கமாட்டார். "ஆமாம், நன்னா மாட்டிண்டேன்" என்று பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அவர் விவசாயம் படித்தவர் அல்ல. இந்தியா கவர்ன்மெண்ட் ஆபீஸ் ஒன்றில் நகல் எழுதுகிற குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் பெரிய ரிப்போர்ட்டுகள் எல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். ஏதோ ஒரு சர்க்கார் பண்ணையில் தக்கைப்பூண்டை விதைத்து, பூப்பதற்கு முன்னால் அதை மடக்கி உழுது, மண்ணுக்கே உரமாகக் கொடுத்து நெல் நட்டுப் பார்த்த ரிப்போர்ட் அப்படி வந்தது. நாற்பது பக்கம். துரை திருத்தத் திருத்த, அதை மூன்று தடவை எழுத வேண்டியதாயிற்று.

"மூணாவது தடவை எழுதறச்சே கை நின்னுபோச்சு ஓய்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். "இதையெல்லாம் இங்கிலீஷ்ல எழுதி அலமாரியிலே வெச்சுப் பூட்டறா. உழறவனுக்கு அலமாரி ஏது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் டிராம் ஏறினார். நாம் தக்கைப்பூண்டு என்கிறதை வங்காளிகள் 'தொஞ்சே' என்கிறார்கள். டாலிகஞ்ச், பெஹாலா பக்கத்து வயல்களில் அவருக்குத் தொஞ்சே பாபு என்று பெயர் விழ ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் இருந்த பெயர் பாகல் பாபு. பைத்தியக்கார பாபு. இது ஒருவிதத்தில் பிரமோஷன்தான்.

அகத்திலே அவர் மனைவி காமு மட்டும் இந்தப் பிரமோஷனை ஒப்புக்கொள்ளவில்லை. "தீர்த்தம் குடிக்கிற டம்ளர்லே மண்ணைக் கரைச்சுண்டு வரேள். நாளைக்கு யாராவது மனுஷா வந்தா எதிலே காபி கொடுக்கறது?" என்பாள். மறுநாள் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று அதைக் கோட்டுப் பையிலேயே திரும்ப வைத்துவிடுவாள்.

நிதாய் உழுத ஒன்பது பிகாவும், நம் கணக்கில் மூன்று ஏக்கர், கோஷால் பாபு என்கிற மிராசுதாருடையவை. அவரும் பவானிபூர்வாசி. வெற்றிலைச் செல்லத்தோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். விளைவதில் அவருக்குப் பாதி, உழுகிறவனுக்குப் பாதி. ஒரே ஒரு பிகாவில், மழைக்கு முன்னால் போடுகிற சணலை விட்டுவிட்டுத் தொஞ்சே விதைக்க அனுமதி கேட்டு ஸ்ரீனிவாசராகவன் அவரிடம் போனபோது நானும் கூடப் போயிருந்தேன்.

"சணலில் பாதி எனக்கு வரும். தொஞ்சேயில் எனக்கு எந்தப் பாதி வரும்?" என்று கேட்டார் கோஷால் பாபு.

"அதை அறுக்கறதில்லை பாபு. மண்ணுக்குள்ளேயே போயிடும்."

"மண்ணுக்குள் போனதில் பாதி எது? மேல் பாதியா, கீழ்ப் பாதியா?"

தம்முடைய ஹாஸ்யத்தை ரசித்து அவரே சிரித்து முடிக்கும்வரை ஸ்ரீனிவாசராகவன் காத்திருந்தார். பிறகு, "மார்கழியிலே நெல்லு அறுக்கறச்சே ரெண்டு பாதியும் மேலே வரும்" என்றார். கோஷால் பாபுவுக்குப் பேச்சில் தோற்பது பிடிக்காது. ஆனால் நன்றாகப் பேசுகிறவனைப் பிடிக்கும். ஒரு பிகா கிடைத்தது.

அந்த முதல் வருஷக் கதையைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

விதை நன்றாக முளைத்தது. ஆனி பிறக்கும்போது இடுப்பளவு பச்சை. இன்னும் பத்து நாளில் மடக்கி உழவேண்டும் என்று நாள் குறித்துவிட்டு வந்தவர் மலேரியாவில் படுத்துவிட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எழுந்திருக்க முடியவில்லை. நான்காவது வாரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றபோது, தொஞ்சே எங்கள் தலைக்கு மேலே வளர்ந்து, மஞ்சள் பூவாகப் பூத்து நின்றது. பார்க்க அத்தனை அழகு. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் உழலை?"

"மழை பத்தலை பாபு" என்றான் நிதாய். அவன் கண் வேறு பக்கம் இருந்தது.

முற்றின தண்டு சீக்கிரம் மட்காது. மட்குகிறவரை மண்ணில் இருக்கிற கொஞ்ச நஞ்சச் சத்தையும் அதுவே தின்றுவிடும். அவசர அவசரமாக உழுது நட்ட நெல், பக்கத்து வயல்கள் எல்லாம் கரும்பச்சையாக நிற்கும்போது, எலுமிச்சம்பழ நிறத்தில் நின்றது. நாற்று நட இறங்கின பெண்களின் காலில் தொஞ்சேக் கட்டைகள் குத்திக் கிழித்துவிட்டன. சுற்றுவட்டாரம் முழுதும் சிரித்தது. மறுபடியும் பாகல் பாபு.

கோஷால் பாபு வண்டி கட்டிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். வரப்பில் நின்றபடி நிதாயைப் பார்த்து, "சித்திரையில் வேறு ஆள் உழுவான்" என்றார். அவ்வளவுதான். நிதாயின் அப்பன் காலத்திலிருந்து அவர்கள் உழுத நிலம் அது.  அவன் மனைவி கிரிபாலா, இடுப்பிலிருந்த புல்லுக்கட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

"நிதாய் மேலே தப்பில்லை" என்றார் ஸ்ரீனிவாசராகவன். "காத்திருக்கச் சொன்னது நான்தான்."

நான் திடுக்கிட்டுப் போனேன். வேடிக்கைக்குக்கூடப் பொய் சொல்லாத மனுஷர். ஆபீஸுக்கு ஐந்து நிமிஷம் தாமதமானால் ரிஜிஸ்டரில் தாமே எழுதிக்கொள்கிறவர். ஜுரத்தில் குழிந்துபோன கண்களோடு, கையைக் கட்டிக்கொண்டு, அந்த ஒரு பொய்யைத் தெளிவாகச் சொன்னார்.

கோஷால் பாபு அவரை ஏற இறங்கப் பார்த்தார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "சரி. உங்கள் வார்த்தைக்காக இன்னும் ஒரு வருஷம். ஆனால் நீங்கள் இங்கே நிற்கவேண்டும், தொஞ்சே பாபு. நீங்கள் நிற்கிறவரை நிலம் நிதாயிடம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அது ஆடி மாதம். கார்த்திகைக் கடைசியில் டெல்லி தர்பார் நடந்தது. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போகிறது என்று அறிவித்துவிட்டார்கள்.

எங்கள் சந்தே கிடுகிடுத்தது. பத்துக் குடும்பங்களில் ஒன்பது இந்தியா கவர்ன்மெண்ட் குடும்பங்கள். எனக்குப் பாங்க் உத்தியோகம் என்பதால் நான் தப்பித்தேன். மற்ற எல்லோர் வீட்டிலும் பெட்டி தட்டிக் கட்டுகிற சத்தம். ஸ்ரீனிவாசராகவன் மட்டும், இங்கேயே மாகாண ஆபீஸ் ஒன்றில் ஒரு கிரேடு குறைந்தாலும் சரி, இடம் கொடுக்கவேண்டும் என்று மனுப் போட்டார்.

ஹெட் கிளார்க் சீதாராமன் வீடு தேடி வந்து சத்தம் போட்டார். "உமக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? உம்ம கையெழுத்துக்கு டெல்லியிலே சூபரிண்டெண்டெண்ட் நாற்காலி காத்திண்டிருக்கு. இங்கே எதுக்காக உட்காரப் போறீர்?"

"ஆனியிலே கொஞ்சம் வேலை இருக்கு" என்றார் இவர்.

"எந்த ஆனி?"

"வர ஆனி."

சீதாராமன் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நானும் போகத்தான் சொன்னேன். யாரோ ஒரு நிதாய்க்காக உத்தியோகத்தை விடுவார்களா என்று நானும் கேட்டேன். அவர் மனுவின் நகலை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

காமுவின் தமக்கை விஜயலக்ஷ்மியின் அகத்துக்காரரும் அதே ஆபீஸ். அவர்களும் புறப்பட்டார்கள். ஹௌரா ஸ்டேஷனில் சகோதரிகள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். ரயில் நகர்ந்த பிறகும் காமு கையை நீட்டியபடியே நின்றாள். மறுநாள் காலையில் எங்கள் சந்தில், எப்போதும் பத்து வாசலில் இருக்கிற கோலம் இரண்டே வாசலில் இருந்தது.  கல்கத்தா எங்கள் ஊராக இருந்தது அந்தச் சில வருஷங்கள்தான். பிறகு கல்கத்தாவில் நாங்கள் இருந்தோம், அவ்வளவே.

காமு ஒரு வாரம் கணவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் என் மனைவி நாகலக்ஷ்மியையும் அழைத்துக்கொண்டு நாங்கள் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, "ஏன்னா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை நானும் வரேன். எங்க அக்காவைவிட ஒசத்தியான அந்த மண்ணை நானும் பாக்கறேன்" என்றாள்.

வந்தாள். மண்ணைப் பார்க்கவில்லை. நேராகக் கிரிபாலாவின் அடுக்களைக்குப் போனாள். காமுவுக்கு வங்காளி அவரைவிட நன்றாக வரும். மீன்காரி, பால்காரி, பக்கத்து வீட்டு 'மாஷிமா' மாமி எல்லோரோடும் பேசிப் பழகின நாக்கு. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, வரப்பில் நின்ற கணவரிடம் சொன்னாள்:

"போன வருஷம் மழையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. குச்சிக்காகக் காத்திண்டிருந்திருக்கா."

"என்ன குச்சி?"

"தொஞ்சே முத்தினா நல்ல விறகு. மழைக்காலம் பூரா அடுப்பு எரியும். சணல் போட்டா சணல் குச்சியாவது மிஞ்சும். நீங்க சணலையும் வேண்டாம்னுட்டேள், தொஞ்சேயையும் இளசா இருக்கச்சே மண்ணுலே போடுன்னுட்டேள். அவ எதை வெச்சு உலை வெப்பா? நமக்குக் கரி வாசல்லே வந்து இறங்கறது. அவளுக்கு?"

 நாற்பது பக்க ரிப்போர்ட்டில் அடுப்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

"வரப்பு ஓரமா நாலு பக்கமும் ரெண்டு வரிசை விட்டுடுங்கோ" என்றாள் காமு. "அது முத்தட்டும். அது கிரிபாலாவுக்கு. உள்ளே இருக்கறது உங்க மண்ணுக்கு."

உள்ளேயிருந்து கிரிபாலா எட்டிப் பார்த்தாள். நிதாய் தலையைக் குனிந்துகொண்டு, "கேட்க வெட்கமா இருந்துது பாபு" என்றான்.

அந்த ஆனியில் மடக்கி உழுகிற நாள் ஒரு புதன்கிழமை அமைந்தது. புது ஆபீஸில் லீவுக் கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார்: 'வயலில் பச்சையை மடக்கி உழ வேண்டியிருப்பதால்.' அதிகாரி அதை அடித்து, உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னாராம். "ஒரு பொய்தான் சொல்லலாம்னு இருந்தேன் சார். அது போன வருஷமே செலவாயிடுத்து" என்றாராம் இவர். எப்படியோ லீவு கிடைத்தது.

வயலில் கணுக்கால் அளவு தண்ணீர். மார்பளவு இளந்தொஞ்சே. முதலில் பரம்புப் பலகையை ஓட்டிச் செடியைப் படுக்கவைக்கவேண்டும். அதன் மேல் ஏர் போகவேண்டும். மாடுகள் தயங்கின. நிதாயும் தயங்கினான். "பச்சைப் பயிரை மிதிக்க மாட்டுக்கே மனசு வரலை பாபு" என்றான். ஸ்ரீனிவாசராகவன் குடையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். பரம்பின் மேல் ஏறி நின்று, நிதாயின் தோளைப் பிடித்துக்கொண்டு, "சல்" என்றார். மாடுகள் புறப்பட்டன. பாதி வயலில் குடுமி அவிழ்ந்துவிட்டது. முக்கால் வயலில் தடால் என்று விழுந்தார். எழுந்து, மூக்கு நுனிவரை சேற்றோடு, மறுபடி ஏறிக்கொண்டார். வரப்பில் நின்ற கூட்டம் சிரித்தது. போன வருஷத்துச் சிரிப்பு இல்லை இது. ஒரு கிழவர் இறங்கிவந்து, அவர் விழாமல் இருக்கப் பரம்பில் கூட ஏறி நின்றார். எங்கிருந்தோ கொக்குகள் வந்து பின்னாலேயே நடந்தன. நசுங்கின தழையின் வாசனை சாலை வரைக்கும் வந்தது.

பத்து நாள் ஊறவிட்டு நட்டார்கள். புரட்டாசியில் அந்த ஒரு பிகா தூரத்திலிருந்தே தனியாகத் தெரிந்தது. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. மார்கழி அறுவடையில் மற்ற பிகாக்களைவிட இரண்டு மணங்கு நெல் கூடுதல். ஆனால் கோஷால் பாபு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடுத்த வருஷம் ஒன்பது பிகாவிலும் தொஞ்சே என்றார். நிதாயே உழுவான் என்றார். புறப்படும்போது வரப்போரம் அடுக்கியிருந்த குச்சிக்கட்டைப் பார்த்து நின்று, "இதில் என் பாதி?" என்றார்.

ஸ்ரீனிவாசராகவன் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அது வயல்லே விளைஞ்சதில்லை பாபு, அடுப்பிலே விளைஞ்சது. அதுலே பாதி வேணும்னா, தினம் பாதிச் சோத்தை நீங்க வந்து வடிக்கணும்."

 கோஷால் பாபு வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். பிறகு சிரித்துவிட்டார். குச்சி பெண்களுடையது என்பது அன்று முதல் அந்தப் பக்கத்தில் சட்டமாயிற்று.

மறு வருஷம் மூன்று பேர் விதைத்தார்கள். அதற்கடுத்த வருஷம் பதினோரு பேர். சணல் விலை ஏறின வருஷங்களில் எல்லோரும் தொஞ்சேயை மறந்தார்கள். இவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே டம்ளர், அதே மூங்கிலடி மண், அதே தப்பு வங்காளி. டெல்லிக்குப் போனவர்கள் ராவ் சாகிப்களாகவும் சூபரிண்டெண்டெண்டுகளாகவும் கல்கத்தா பார்க்க வந்தார்கள். இவர் குறைந்த கிரேடிலேயே பென்ஷன் வாங்கி, டாலிகஞ்சில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் இருக்கிறார். காமு வருஷம் ஒரு தடவை அக்காவைப் பார்க்க டெல்லி போய் வருகிறாள். போகும்போது சந்தோஷமாகப் போகிறாள். வரும்போது கண் சிவந்து வருகிறாள். 

கரியாஹாட் பக்கமெல்லாம் இப்போது வயலைத் தூர்த்து வீடு எழும்புகிறது. நாங்கள் வழி கேட்டுத் தொலைந்துபோன மூங்கில் காடு இருந்த இடத்துச் சுவரில் சினிமாப் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். பெஹாலாவில் நிதாயின் வயல் இன்னும் இருக்கிறது. நிதாய்க்கு நரைத்துவிட்டது.

போன வைகாசியில், பல வருஷங்களுக்குப் பிறகு, நானும் ஸ்ரீனிவாசராகவனும் சேர்ந்து அங்கே போயிருந்தோம். முதல் மழை பெய்து நாலு நாள் ஆகியிருந்தது. வயலோரத்தில் நின்று பழைய கதையெல்லாம் பேசினோம். விஜயலக்ஷ்மி, சீதாராமன், கோலம் இல்லாத வாசல்கள்.  பதினெட்டு வருஷமாகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டுவிட்டேன்.

"ஓய், நிஜத்தைச் சொல்லும். டெல்லிக்குப் போயிருக்கலாம்னு ஒரு நாளாவது தோணித்தா?"

"ராஜாராமன்" என்று என் பெயரைச் சொன்னார் அவர்.

சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குடையை வரப்பில் சாய்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். "என்ன இது, என்ன இது" என்று நான் பதறுவதற்குள், ஷூவோடு என் காலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கி, ஒரு சாண் தள்ளி வைத்தார். அது அழுத்தியிருந்த இடத்தில், இரண்டே இலையோடு படுத்திருந்த தொஞ்சே முளையை விரல் நுனியால் நிமிர்த்திவிட்டார்.